டீ டைமில் யார் கூடப் போவான்?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் 16 வருடமாக ஆசிரியை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், காது கேளாமை உள்ள பிள்ளைகள் படிக்கிற இடம். சட்டப்படி இலவசக் கல்வி 6 வயது முதல் 18 வரை. அப்புறம் என்ன என்ற கேள்விக்கு ஆரம்பத்தில் எங்களிடம் பதிலே இல்லை. பிரிவு உபசாரம் நடத்தி, டிபன் பாக்ஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆறு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பையன் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். உடம்பு போட்டிருக்கும், பேச்சு குறைந்திருக்கும். பத்து வருடம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கண்ணுக்கு எதிரே கரைவதைப் பார்ப்பது பெரிய வலி.

தொழில் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. மெழுகுவர்த்தி, சாக்பீஸ், காகிதக் கவர் எல்லாம் செய்தார்கள். ஆனால் சுற்றிலும் பனியன் கம்பெனியாக இருக்கிற ஊரில் மெழுகுவர்த்தி ஊற்றத் தெரிந்த பிள்ளையை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? இதை நாங்கள் உணரவே சில வருடங்கள் ஆகிவிட்டன.

முதன்முதலில் வேலைக்கு அனுப்பியது காது கேளாத ஒரு பெண்ணை. பனியன் கம்பெனியில் துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங்கில் சேர்த்தோம். கை வேகம், கண் கூர்மை, ஒரு ஓட்டை தப்பாது. 11 நாளில் நின்றுவிட்டாள். வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சூப்பர்வைசரே சொன்னார். அவள் அம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசிச் சிரிக்க, இவள் தினமும் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். வேலைக்குச் சேர்த்த கையோடு நான் திரும்பி வந்துவிட்டேன். அங்கே இருப்பவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், அவசரம், வா, போ என்று இருபது சைகையாவது சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

அதற்கப்புறம்தான் வேலைக்கு அனுப்புகிற பிள்ளையோடு முதல் சில வாரங்கள் நாங்களும் கம்பெனியில் நிற்பது என்று வழக்கப்படுத்தினோம்.

செந்தில் என்று வைத்துக்கொள்வோம், அவன் பெயர் அதுவல்ல. அறிவுசார் குறைபாடு உள்ள பையன். பேக்கிங்கில் இடம் கிடைத்தது. டஜன் கணக்கில் பீஸை அடுக்கிக் கொடுக்க வேண்டும். அவனுக்கு ஐந்துக்கு மேல் எண்ண வராது. ஓனர் கையை விரித்துவிட்டார். ஒரு நாள் டைம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி விரித்து, மார்க்கரால் 12 கட்டம் போட்டேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பாலிபேக். எல்லாக் கட்டமும் நிறைந்தால் அள்ளிக் கட்டு, அட்டை காலி, மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் அவன் கட்டிய கட்டுகளை ஓனரே பிரித்து எண்ணிப் பார்த்தார். ஒன்றிலும் கூடக்குறைய இல்லை. இப்படி ஏற்பாடு செய்து கொடுப்பதைத்தான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கேட்கிறது. ஆகிற செலவு பல சமயம் ஒரு பழைய அட்டைப்பெட்டிதான்.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரசு வேலையில் 1995 சட்டம் கொடுத்த 3 சதவீத ஒதுக்கீட்டில் செந்தில் மாதிரிப் பிள்ளைகளுக்கு இடமே கிடையாது. 2016 சட்டம் அதை 4 சதவீதமாக்கி, அதில் ஒரு சதவீதத்துக்குள் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றையும் சேர்த்தது. நல்ல மாற்றம். ஆனால் போட்டித் தேர்வு எழுத முடியாத பிள்ளைக்கு அந்தக் கதவு எட்டாத உயரத்தில் இருக்கிறது. தனியார் கம்பெனிகளுக்கு இப்படி ஒதுக்கீடு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் ஒவ்வொரு கேட்டிலும் போய் நின்று பேசித்தான் இடம் வாங்குகிறோம்.

செந்திலுக்குப் பஸ் ஏறப் பழக்குவதற்கு மட்டும் ஒன்றரை மாதம் ஆனது. சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை, காசு பிரச்சினை இல்லை. சரியான பஸ்தான் பிரச்சினை. நம்பரை எழுதி அட்டையாகக் கையில் கொடுத்து, பஸ் நெற்றியில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று பார்க்கச் சொன்னோம். அவன் தனியாகப் போன முதல் நாள், அவன் அம்மா பின்னாலேயே இன்னொரு பஸ்ஸில் போனார். எனக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை.

எட்டு மாதம் நன்றாகப் போனது. திடீரென்று நான்கு நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை, யாரும் திட்டவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், "அக்கா இல்ல மிஸ்" என்று மட்டும் சொன்னான்.

அயர்னிங்கில் இருந்த ஒரு அக்கா தினமும் 11 மணிக்கு "வா கண்ணு, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று அவனைப் பேக்கரிக்குக் கூட்டிப் போய், பெல் அடிப்பதற்குள் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார். அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். இந்த ஊரில் அது சாதாரணம். செந்திலுக்கு மணி பார்க்கத் தெரியாது. தனியாகப் போனால் திரும்பி வரத் தோன்றாது, பேக்கரியிலேயே நின்றுவிடுவான் என்று அவனுக்கே பயம். டஜன் கட்டுவதற்கு அட்டை செய்து கொடுத்தேன். அந்தக் கால் மணி நேரத்தை நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் பேக்கிங் ஆட்களிடம் போய்ப் பேசினேன். ஒருத்தரை நம்பாமல் மூன்று பேரிடம் கேட்டேன். யார் லீவு போட்டாலும் இன்னொருவர் இருக்க வேண்டுமே. "இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரணுங்களா டீச்சர், நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஒரு அண்ணன்.

இப்போது 14 வயதிலேயே தொடங்கிவிடுகிறோம். மளிகைக் கடைக்குத் தனியாகப் போவது, வரிசையில் நிற்பது, டீ கேட்டு வாங்குவது, பெல் அடித்தால் எழுந்து வருவது. மெழுகுவர்த்தி அச்சுகளை எடுத்து வைத்துவிட்டோம். பெற்றோரிடமும் அப்போதே சொல்லிவிடுகிறோம்: அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 18 முடிந்ததும் நீங்கள் தானாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள், தேவைப்பட்டால் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று. செந்திலின் சம்பளக் கணக்கைத் தொடங்க ஒரு வங்கிக் கிளைக்கு அவன் அப்பா ஐந்து முறை நடந்தார். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம்.

போன மாதம் அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். 11 மணி பெல் அடித்தது. அந்த அண்ணனோடும் இன்னொரு பையனோடும் செந்தில் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கிட்டே போய்ப் பேச ஆரம்பித்தேன்.

"மிஸ், டீ டைம். அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தான்.