காட்டும் சூடும் இருக்கும் சூடும்: இன்குபேட்டர் நாட்குறிப்பு

மே 18

கோழிகள் முட்டை இடுவதில் குறையில்லை, ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்கார மாட்டேன் என்கிறது. முட்டைக்கென்றே வளர்க்கும் இனங்களில் அடைகாக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டிவிட்டார்கள், அதனால் அவற்றைத் திட்டிப் பயனில்லை. முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி, அதாவது இன்குபேட்டர், வாங்கியே ஆக வேண்டும். விளம்பரத்தில் எத்தனை முட்டை பிடிக்கும் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள், எந்த முட்டை என்பதைத்தான் சொல்வதில்லை. சில பெட்டிகளில் அது காடை முட்டைக் கணக்கு. கோழி முட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 4.5 செ.மீ. இருக்கும், டிரேயின் அளவைக் கேட்டு நாமே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

மே 20

ஃபேன் உள்ளதா, இல்லாததா? விலை குறைந்த பெட்டிகளில் ஃபேன் இருக்காது. சூடான காற்று மேலே போய் நின்றுகொள்ளும், அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்து 38.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும், தெர்மாமீட்டரை இரண்டு விரல் உயர்த்தினால் எண் மாறிவிடும். ஃபேன் இருந்தால் 37.5 முதல் 37.7 வரை, உள்ளே எங்கும் ஏறக்குறைய ஒரே சூடு. எனக்கு ஃபேன் உள்ளதுதான்.

அப்புறம் முட்டையைத் திருப்புவது. திருப்பாமல் விட்டால் கரு ஓட்டின் உள்ஜவ்வில் ஒட்டிக்கொள்ளும். கையால் திருப்பினால் நாளைக்கு 3 அல்லது 5 தடவை, ஒற்றைப்படையாக, அப்போதுதான் ராத்திரியின் நீண்ட நேரம் தினமும் ஒரே பக்கத்துக்கு விழாது. மோட்டார் வைத்ததில் இரண்டு வகை: உருளை மேல் முட்டை உருள்வது ஒன்று, டிரே இரு பக்கமும் 45 டிகிரி சாய்வது இன்னொன்று. பெரிதும் சிறிதுமாகக் கலந்து வைத்தால் உருளையில் சிலது சரியாகப் புரள்வதில்லை. என் ஓட்டு சாயும் டிரேவுக்கு.

மே 27

பெட்டி வந்துவிட்டது. முட்டை எதுவும் வைக்கவில்லை, தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில்களை அடுக்கி ஓடவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு வேலை: வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் ஒன்றாக முக்கி, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் 37 டிகிரியை ஒட்டித்தான் துல்லியமாக இருக்கும்படி செய்யப்பட்டது, நமக்கு வேண்டியதும் அதே இடம்.

பெட்டியின் திரையில் 37.7, அசையவே இல்லை. ஃபேனுக்குக் கீழே அளந்தால் 38.4, எதிர் மூலையில் 36.8. சென்சார் ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது, தான் இருக்கும் இடத்துச் செய்தியை மட்டும் திரையில் சொல்லிக்கொண்டிருக்கிறது. விற்றவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கத்தாங்க செய்யும், கோழி என்ன தெர்மாமீட்டர் வச்சா அடைகாக்குது?” என்கிறார். கோழி ஓரத்து முட்டையை அலகால் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், உங்கள் பெட்டி இழுக்குமா என்று கேட்டேன். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

ஜூன் 3

வேறொரு பெட்டி. மூலைக்கு மூலை 0.3 டிகிரிக்குள் நிற்கிறது. ஹீட்டர் அணைந்து எரிவதில் காற்றின் சூடு கொஞ்சம் ஏறி இறங்குகிறது, அது பரவாயில்லை, முட்டைக்குள் சூடு மெதுவாகத்தான் மாறும். நாள் முழுக்க அரை டிகிரி தள்ளி நிற்பதுதான் வம்பு: குறைந்தால் குஞ்சு தாமதமாகும், கூடினால் தொப்புள் மூடாமலே முன்கூட்டி வெளியே வரும்.

ஈரப்பதம் காட்டும் மீட்டரையும் சோதித்தேன். சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்தால் சில மணி நேரத்தில் 75 சதவீதம் காட்ட வேண்டும். இது 71 காட்டியது, 4 கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற ஒரு துளை இருக்கிறது. இதைத்தான் முதலில் தேடியிருப்பேன், விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஜூன் 6

மாலையில் அடை வைத்தாயிற்று. எல்லாம் ஒரு வாரத்துக்குள் இட்டவை, கழுவாதவை, கூர்முனை கீழே. ஈரப்பதம் 50 சதவீதம்.

ஜூன் 13

இருட்டறையில் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துப் பார்த்தேன். நல்ல முட்டையில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிவப்பு ரத்தக் குழாய்கள் நாலாபக்கமும் கிளை பிரிந்து ஓடுகின்றன, அசையாமல் பிடித்தால் புள்ளி துள்ளுவது தெரிகிறது. கூமுட்டைகளை எடுத்துவிட்டேன்.

ஜூன் 19

கரண்ட் போய் நேரமாகியும் வரவில்லை. மூடியைத் தொடவில்லை, காற்றுத் துளைகளை விட்டுவிட்டுக் கம்பளி போர்த்தினேன். சூடு குறைவதைக் கரு கொஞ்ச நேரம் தாங்கும், 40 டிகிரியைத் தாண்டிப் போவதைத்தான் தாங்காது. அதனால் கரண்ட் வந்த பிறகுதான் பெட்டிக்குப் பரீட்சை: சூட்டைக் கட்டுப்படுத்தும் சில தெர்மோஸ்டாட்டுகள் ஒரே மூச்சில் சூடேற்றி இலக்கைத் தாண்டிவிடும். இது 37.9 வரை போய் இறங்கிவிட்டது. இரட்டைச் சுவர் உள்ளதும் உதவியிருக்கும். 12 வோல்ட் பேட்டரி இணைப்பு இருக்கிறது, பேட்டரி வாங்க வேண்டும்.

ஜூன் 24

18 நாள் ஆகிவிட்டது. மோட்டாரை நிறுத்தி, டிரேயை எடுத்து, கால் வழுக்காத வலை விரிப்பின் மேல் முட்டைகளைப் படுக்க வைத்தேன். ஈரப்பதம் 70. இனித் திறப்பதில்லை.

ஜூன் 27

நேற்று ராத்திரியே ஒன்றில் ஓடு நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருந்தது. குஞ்சு ஓட்டில் துளை போட்டதும் மணிக்கணக்கில் சும்மா கிடக்கிறது, பார்க்கும் நமக்குத்தான் கை பரபரக்கிறது. திறந்தால் ஈரம் போய் ஜவ்வு காய்ந்து மற்றக் குஞ்சுகளை இறுக்கிவிடும். காலையில் நான்கைந்து குஞ்சுகள் ஈரச் சிறகோடு ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கத்திக்கொண்டிருந்தன, மாலைக்குள் பெரும்பாலானவை வந்துவிட்டன. உள்ளேயே காயட்டும், வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு ஓரிரு நாளைக்குத் தாங்கும்.

ஜூன் 29

கழுவும் நாள். பஞ்சு மாதிரி இளஞ்சிறகு ஃபேன் இறக்கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது, தண்ணீர்த் தட்டில் ஓட்டுத் துண்டும் பிசுக்கும். பிளாஸ்டிக் அடிப்பாகம் தனியே கழன்று வருகிறது, தேய்த்துக் கிருமிநாசினியில் ஊற வைத்தேன். தெர்மோகோல் பெட்டியாக இருந்திருந்தால் சூட்டை நன்றாகப் பிடித்திருக்கும், ஆனால் அதன் சின்னக் குழிகளுக்குள் போன அழுக்கை எடுப்பது கஷ்டம். ஃபேனும் சென்சாரும் தனியாகக் கிடைக்கிறதாம், இரண்டிலும் ஒவ்வொன்று சொல்லி வைத்திருக்கிறேன்.