சாம்பல் நிறத்தில் விட்ட இரண்டு மாநிலங்கள்

தமிழ் நாளிதழ் ஒன்றின் சர்வதேசப் பக்கத்தில் துணை ஆசிரியராக இருந்த காலத்தில், எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது 2008-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமாவின் வெற்றி நவம்பர் 5 காலை ஒன்பதரை மணிக்கே நமக்குத் தெரிந்துவிட்டது. கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்குக் கடலோர மாநிலங்களில் வாக்குப்பதிவு முடிந்ததுமே தொலைக்காட்சிகள் அறிவித்துவிட்டன. மறுநாள் காலையில் நாளிதழைப் பிரிப்பவருக்கு அது ஆறிப்போன செய்தி. மாநிலவாரி வரைபடம் போடலாம் என்று முடிவாகி, அந்த வேலை என்னிடம் வந்தது.

குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்பது 2000 தேர்தலுக்குப் பிறகு அங்கே நிலைத்துவிட்ட வழக்கம். சிவப்பு என்றதும் நம் வாசகருக்கு இடதுசாரிகள் நினைவு வருமே என்று சிறிது பேசிவிட்டு, அந்த வழக்கத்தையே வைத்துக்கொண்டோம்.

வடக்கு கரோலினாவும் மிசூரியும்தான் பிரச்சினை. அதிபரை முடிவு செய்பவை மாநிலவாரியாக ஒதுக்கப்படும் தேர்வாளர் வாக்குகள். அவை ஒபாமாவுக்கு 349, குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்கு 162 என்று வந்து நின்றிருந்தன. மீதி 27-இல் 26 இந்த இரண்டு மாநிலங்களுடையவை. "வெற்று இடம் விட்டால் நாம் வேலையை முடிக்கவில்லை என்று தோன்றாதா?" என்றார் செய்தி ஆசிரியர். முன்னிலையை வைத்து வண்ணம் தீட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். "சார், அங்கேயே இன்னும் முடிவு சொல்லவில்லை. நாம் எப்படிச் சொல்வது?" என்றேன். சற்று யோசித்தவர் சம்மதித்தார். இரண்டையும் சாம்பல் நிறத்தில் விட்டோம்.

வடக்கு கரோலினாவில் பதிவான வாக்குகள் ஏறத்தாழ 43 லட்சம். ஒபாமா அங்கே வென்றது சுமார் 14,000 வாக்குகளில். மிசூரியில் 29 லட்சம் பேர் வாக்களிக்க, மெக்கெய்ன் 4,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். மிசூரி யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவரே அதிபர் என்பது 1904 முதல் 1956 நீங்கலாகப் பொய்க்காத கணக்கு. அது உடைந்ததும் இந்தச் சொற்ப வாக்குகளில்தான். ஒரு வாக்கு கூடினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அத்தனையும் வென்றவருக்கே போகும். வரைபடத்தில் முழு மாநிலமும் ஒரே நிறமாகிவிடும். தோற்ற 14 லட்சம் பேர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

அதனால்தான் வித்தியாசத்தைச் சொல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை. வர்ஜீனியாவும் இந்தியானாவும் 1964-க்குப் பிறகு முதன்முறையாக ஜனநாயகக் கட்சிக்கு வந்தன என்பதை எல்லோரும் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் நாடே ஒபாமா பக்கம் சாய்ந்த அந்த ஆண்டில் ஆர்கன்சா, ஓக்லஹோமா, டென்னசி, லூசியானா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்தும் 2004-ஐவிடக் குடியரசுக் கட்சியை நோக்கி நகர்ந்தன. பில் கிளிண்டனின் ஆர்கன்சாவில் அக்கட்சியின் முன்னிலை சுமார் 10 சதவீதப் புள்ளிகளிலிருந்து 20-ஆக உயர்ந்தது. பொருளாதாரம் சரிந்து, ஆளுங்கட்சியான குடியரசுக் கட்சி மீது கோபம் கொதித்த நேரம் அது. வேட்பாளரின் தோல் நிறத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிவப்பும் நீலமும் மட்டும் தெரியும் படத்தில் இது தென்படாது. ஐந்தும் முன்பும் சிவப்பு, இப்போதும் சிவப்பு.

மாவட்ட அளவில் இறங்கினால் அலபாமா இன்னும் வியப்பூட்டும். மெக்கெய்ன் 60 சதவீதம் பெற்ற அந்த மாநிலத்தின் நடுவே நீலப் பட்டை ஒன்று ஓடுகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற படிவுகளால் அங்கே மண் கறுத்து வளமானது. அந்த மண்ணில் பருத்தி விளைந்தது. பருத்திக்காக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே பெரும்பான்மை. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாமல் தடுக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பட்டையை அச்சில் காட்ட மிகவும் ஆசைப்பட்டேன். மூன்று பத்தி அகலப் படத்தில் அதற்கு இடமில்லை.

மிசூரி முடிவு இரண்டு வாரம் கழித்து வந்தபோது உள்பக்கத்தில் சிறு செய்தியாக வெளியிட்டோம். 2012-இல் கட்சி மாறிய மாநிலங்கள் இந்தியானாவும் வடக்கு கரோலினாவும் மட்டுமே. அந்த முறை வரைபடத்துக்குக் கீழே, வித்தியாசம் குறைந்த மாநிலங்களைத் தனி அட்டவணையாகப் போட அனுமதி கேட்டு வாங்கினேன்.