தவக்காலத்துக்கு 40, பாஸ்காவுக்கு 50

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது தொடங்கும் சாம்பல் புதனன்றே கறிச்சட்டி பரணுக்கு ஏறிவிடும். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. ஆனால் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மதியச் சாப்பாட்டோடு பாஸ்கா என்னும் உயிர்ப்புக்காலம் முடிந்துபோகிறது. திருச்சபைக் கணக்கில் அன்றுதான் அது தொடக்கம். தூய ஆவிப் பெருவிழா வரை 50 நாள். அடுத்து வரும் வெள்ளியன்று புலால் தவிர்க்கும் கடமைகூடக் கிடையாது, எண்கிழமை எனப்படும் முதல் எட்டு நாளும் பெருவிழா என்பதால். அன்றும் "வெள்ளிக்கிழமையாச்சே" என்று தயங்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எந்த இன்பம் கடவுளிடம் சேர்க்கும், எது நம்மை வேறெங்கோ இழுத்துப்போகும் என்று தெரியாததால்தான் இந்தத் தயக்கம். 1521-இல் பீரங்கிக் குண்டு காலைப் பதம்பார்க்க, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், ஸ்பெயினில் தம் சொந்த ஊரான லொயோலாவில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீரதீரக் கனவுகளும் அவருக்கு இனித்தன. புனிதர்களைப் போல வாழ்வதை எண்ணியதும் இனித்தது. வேறுபாடு பிறகுதான் தெரிந்தது. முதலாவது கலைந்ததும் மனம் வறண்டது, இரண்டாவது கலைந்த பின்னும் நிறைவு தங்கியது. 1693-இல் ஓரியூரில் தலைகொடுத்த இயேசு சபைத் துறவி அருளானந்தர், இன்பங்களை இப்படிப் பிரித்தறிய இஞ்ஞாசியார் வகுத்த பயிற்சியில் வளர்ந்தவர்தான்.

இரவு படுக்குமுன் 15 நிமிடம் ஒதுக்கினால் நாமும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். முதலில் நன்றி. "எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பயனில்லை. அன்று மனம் குளிர்ந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். பிறகு ஒளி கேட்டு மன்றாடி, நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த இன்பம் தீர்ந்து இரண்டு மணி நேரம் கழித்து மனம் எப்படி இருந்தது? வீட்டாரிடம் கனிவு கூடியதா, எரிச்சல் கூடியதா? செபிக்க மனம் வந்ததா? மன்னிப்பும் மறுநாளுக்கான தீர்மானமும் இதற்குப் பிறகே. பலர் எடுத்த எடுப்பில் பாவத்தில் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது அது குற்றப்பட்டியல் ஆகிவிடும். சலித்துப்போய்ச் சீக்கிரமே கைவிடுவார்கள்.

பாஸ்கா ஞாயிறுகளில் வீட்டில் ஓர் இனிப்பாவது இருக்கட்டும். கவுனி அரிசி நம் ஊருக்குப் பொருத்தம். ஒரு டம்ளர் அரிசியைச் சனி இரவே மூன்று டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரிலேயே குக்கரில் வேகவைக்க வேண்டும். சோறு நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் சரிவராது. தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் கடைசியில். பரிமாறும் முன்பே ஒரு பங்கை எடுத்து, சமைக்க முடியாத ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். விவிலியத்தில் நெகேமியா 8:10 சொல்லும் முறை இதுதான்: கொழுத்ததை உண்ணுங்கள், இனியதைப் பருகுங்கள், ஒன்றும் இல்லாதவருக்குப் பங்கு அனுப்புங்கள். மிஞ்சியதை அனுப்பலாம் என்று இருந்தால் பெரும்பாலும் மிஞ்சாது.

50 நாளிலும் வறட்சி, அதாவது செபத்தில் மனம் ஒட்டாத சோர்வு, வரும். அது பாவத்தின் அடையாளம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வறட்சியின்போது பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. துயரத்துக்கு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொல்லும் மருந்துகளில் அழுகை, நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு தூக்கமும் குளியலும் உண்டு. எனவே செபமாலையை நீட்டிக்கொண்டே போகாமல், அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிடலாம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் பங்குத்தந்தையோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும்.