தண்ணீர்மலையானைத் தேடி வந்த மண்

மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள், நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளித்தேர் ஊர்வலம் நடக்கும்; அதுதான் செட்டிப் பூசம். அதற்கு முந்தின இரவே பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி, ஜார்ஜ்டவுனில் சித்தி வீட்டில் வந்து படுத்துவிடுவோம். விடியும்முன் குளித்து, ஈரத்தலையோடு பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால், தெருமுனையிலேயே தேங்காய்த் தண்ணீர் வாசனை ஆளை இழுக்கும். அன்றும் செட்டியார்களின் கோவில் வீட்டு வாசலில் வெள்ளித்தேர் நின்றுகொண்டிருந்தது. 1894-இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த தேர். தண்டாயுதபாணியை ஏற்றி, தீபம் காட்டியதும், "அரோகரா!" என்று தெருவே அதிர்ந்தது. காளைகளின் கழுத்து மணி குலுங்கியது, தேர் மெல்ல நகர்ந்தது.

இரண்டு பக்கமும் மலைபோல் தேங்காய் குவியல். பாதிக்கு மேல் சீனர்களுடையது. எனக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி, ஊதுபத்தியை நெற்றிக்கு மேல் உயர்த்திக் கண்ணை மூடி நின்றார். பிறகு பேரன் கையில் ஒரு காயைக் கொடுத்தார். பையன் ஓங்கி அடித்தான், உடையவில்லை. பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அடிக்க, சிதறிய தண்ணீர் என் புடவைக் கரையில் தெறித்தது. அதைத் துடைக்க மனசு வரவில்லை.

தேரின் பின்னால் நடக்கும்போது பக்கத்தில் வந்த ஆச்சி ஒருவர் கேட்டார்: "எந்தூருத்தா நீ?"

"பட்டர்வொர்த், ஆச்சி."

"அது சரி. பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"தேவகோட்டைக்குப் பக்கத்துல. தாத்தா இங்க செட்டியாருங்க தொழில் பண்ணின கிட்டங்கியில சமையல் பார்த்தவரு."

"அப்ப நம்ம ஊருப் புள்ளையா!" என்று என் மணிக்கட்டைப் பிடித்தவர், வெகுதூரம் விடவே இல்லை.

நாங்கள் நகரத்தார் இல்லை. ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, புறப்பட்ட செட்டியார்களோடு கணக்குப் பார்க்க, பணப்பெட்டி இருக்கும் பெட்டியடியில் இருக்க, சமைக்க என்று அந்தச் சீமை ஆட்களும் கடல் தாண்டி வந்தார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். ஊரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் தண்ணீரைப் பற்றியே இருக்கும். எந்த ஊரணியில் குடிக்க எடுக்கலாம், எதில் கால் நனைத்தாலே ஏச்சு விழும், எந்தக் கண்மாய் எந்த வருஷம் நிறைந்தது... மழை ஓயாத பினாங்கில் பிறந்த எனக்கு அது வெறும் கிழவர் பேச்சாகத்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில் அங்கே போய் நின்றபோதுதான் புரிந்தது. கண்ணுக்கெட்டும் தூரம் சமதரை. செம்மண் பொட்டல், ஒற்றைப் பனை, கருவேலம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதற்கு நடுவே, படி கட்டிய சதுர ஊரணியில் மட்டும் தெளிந்த நீர். ஒரு பெண் குடத்தின் வாயால் மேலே கிடந்த இலைகளை ஒதுக்கி, தண்ணீர் கலங்காமல் முகந்தாள். அத்தனை நிதானம் அந்தக் கையில்!

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்க்கிறவர்கள் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும்தான் படம் எடுக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. நான் நின்றது வளவில், உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில். நாலு பக்க ஓட்டுச் சரிவும் உள்முற்றத்தை நோக்கியே இறங்குகிறது. பெய்கிற மழையில் ஒரு துளிகூட வீணாகத் தெருவுக்குப் போகக் கூடாது என்று கட்டிய வீடு. மழைக்கு முற்றத்து மூலைகளில் அண்டா வைப்பார்களாம். வீட்டுக்கார அம்மா சொல்லிக்கொண்டே அந்தப் பித்தளை அண்டாவைத் தட்டிக் காட்டினார், கோயில் மணிபோல ஒலித்தது.

பிள்ளையார்பட்டியில் ஒரு தேங்காய் உடைத்தோம். குன்றக்குடி மலையடியில் நின்று, தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். தலைமுறை தலைமுறையாக நடந்த அந்தக் கால்கள்தான் இங்கேயும் தேருக்கு முன்னால் நடக்கின்றன. வியாபாரம் எங்கே நடந்தாலும் மகமை என்று சாமிக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைத்த சனம் அது. 1857-இல் பினாங்கின் வாட்டர்ஃபால் ரோட்டில், தேர் போய்ச் சேரும் செட்டியார் கோயிலை எழுப்பியதும் அவர்கள்தான்.

அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தண்ணீர்மலை! அருவி விழும் மலையடியில் முருகனை வைத்து, தண்ணீர்மலையான் என்று கூப்பிட்டார்கள். கண்மாய் வெடித்த ஊர்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைத்தார்கள். பினாங்கையே பார்க்காத எத்தனை தாய்மார் அந்தப் பெயரை வாசலில் நின்று கூவி, பிள்ளையைச் சோறுண்ண அழைத்திருப்பார்கள்!

நின்று நின்று, அர்ச்சனை வாங்கி வாங்கி, தேர் கோயிலைச் சேர இரவாகிவிட்டது. மறுநாள் பூசம். பக்கத்தில் மலைமேல் இருக்கும் இன்னொரு முருகன் கோயிலின் 513 படியையும் காவடிக் கூட்டத்தோடு ஏறி இறங்கினேன். பால் குடங்கள், வேல் வேல் என்ற முழக்கம், மேலே போனால் கடற்காற்று. முழங்கால் நடுங்கத்தான் செய்தது.

மதியம் செட்டியார் கோயிலில் அன்னதானம். பந்தியில் இடம் கிடைத்தது. சாம்பார், பொரியல் எல்லாம் வந்தபின், இலை ஓரத்தில் கொழகொழவென்று வெண்டைக்காய் மண்டி விழுந்தது. வாயில் வைத்ததும் தாத்தாவின் அடுப்படி. புளிப்புக்கு அடியில் அரிசி களைந்த தண்ணீரின் அந்த மெல்லிய மணம். தண்ணீரை எண்ணிச் செலவழித்த ஊரின் சமையல். களைந்த நீரையும் கீழே கொட்டாது.

பரிமாறிய ஐயாவிடம் கேட்டுவிட்டேன்: "இதுல கழுநீர் ஊத்தியிருக்கீங்களா ஐயா?"

வாளியோடு நின்று திரும்பிப் பார்த்தார்.

"கழுநீர் ஊத்தாம மண்டி ஏதுத்தா?" என்றவர், இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.