எண்ணெயும் பாறைச் சாறும்: ஒப்பிடுவதற்கு முன்

முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரே கிணற்றின் கச்சா எண்ணெயையும், அது தேங்கியிருந்த தேக்கப் பாறையிலிருந்து கரைப்பானால் எடுத்த சாற்றையும் ஒப்பிட்டேன். கலவையின் சேர்மங்களைப் பிரித்து முகடுகளாகக் காட்டும் வாயு வண்ணப்பகுப்பு வரைபடங்கள் கைக்கு வந்த அன்றே, இரண்டும் வெவ்வேறு மூலப் பாறைகளில் (எண்ணெய் உருவாகும் பாறைகளில்) பிறந்தவை என்று எழுதிவிட்டேன். எண்ணெயில் 8 கார்பன் அணுக்கள் கொண்ட லேசான சேர்மங்களிலேயே முகடுகள் எழுந்தன. சாற்றிலோ 14 கார்பன் வரை வெறுங்கோடு. என் வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "கரைப்பானை எப்படி நீக்கினீர்கள்?"

கரைப்பானைப் பாறைத் தூளில் மீண்டும் மீண்டும் ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவியில் எடுத்த சாற்றிலிருந்து, கரைப்பானான டைகுளோரோமீத்தேனை ஆவியாக்கும்போது லேசான ஹைட்ரோகார்பன்களும் உடன் போய்விடுகின்றன. நான் கண்ட வேறுபாடு என் குடுவையில் உண்டானது!

ஆகவே எண்ணெயையும் அதே போல் ஆவியாக்கி, அஸ்ஃபால்ட்டீன் என்ற கனமான பகுதியை நீக்கி, நிறைவுற்ற ஹைட்ரோகார்பன் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் கொண்ட) பகுதியை அதே பகுதியோடு மட்டும் ஒப்பிடுங்கள். சாற்றில் ரெசினும் அஸ்ஃபால்ட்டீனும் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். இவை போன்ற முனைவுள்ள சேர்மங்கள் களிமண் கனிமங்களில் ஒட்டிக்கொண்டு பாறையிலேயே தங்கிவிடும்.

பழங்கால உயிரினங்களின் எச்சமான பயோமார்க்கர் மூலக்கூறுகளின் விகிதங்களில்தான் அதிகக் கவனம் தேவை. 31 அல்லது 32 கார்பன் ஹோப்பேன்கள் என்ற பயோமார்க்கர்களின் 22எஸ் விகிதம் (22எஸ், 22ஆர் என்ற இரு வடிவங்களின் மொத்தத்தில் 22எஸ்-இன் பங்கு) எண்ணெய், சாறு இரண்டிலும் 0.6 அருகே வந்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் அது சமநிலை மதிப்பு. போதிய முதிர்ச்சி பெற்ற எண்ணெய் எதுவும் அதைத்தான் காட்டும். இரண்டின் உறவை நிறுவ, மூலத்தைக் காட்டும் பிற சேர்மங்களைப் பாருங்கள்: 27, 28, 29 கார்பன் ஸ்டீரேன்களின் பங்கீடு, பிரிஸ்டேன்–ஃபைட்டேன் விகிதம், ஒலியனேன் இருக்கிறதா இல்லையா என்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒலியனேன் பூக்கும் தாவரங்களிலிருந்து வருவதால் மூலப் பாறையின் வயதைப் பற்றியும் பேசும்.

பாறைத் துண்டை பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள். மூலக்கூறுத் துண்டுகளை நிறைப்படி காட்டும் நிறை நிறமாலையில் 149 என்ற அயனி ஓங்கி நின்றால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட். பாறை இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனை ஓட்டினால் உடனே தெரிந்துவிடும். கிணறு துளைக்கும்போது எண்ணெய் கலந்த துளையிடு சேறு பயன்பட்டிருந்தால் உள்ளகத்தின் (கிணற்றிலிருந்து எடுத்த பாறை உருளையின்) வெளிப்புறத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் அரையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வேறுபாடு எஞ்சினால், அதை விடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம் அதிக நேரம் கேட்கப்பட்டது அதைப் பற்றித்தான். கனிமத்தில் ஒட்டிய எண்ணெயும், குவார்ட்ஸ் மணிகளுக்குள் சிறைப்பட்ட நுண்துளி எண்ணெயும் தேக்கத்துக்கு முதலில் வந்த எண்ணெயாக இருக்கலாம். கிணற்றில் வருவது பின்னர் நிரம்பியதாக இருக்கலாம். அவற்றைத் தனித்தனியே படிப்படியாகப் பிரித்தெடுத்திருந்தால் நான் இன்னும் உறுதியாகப் பதில் சொல்லியிருப்பேன்.