மீதி இரண்டு

இரண்டாம் பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நண்பனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

புதுச்சேரியில் பத்தாம் வகுப்பு. கணக்கு ஐயா கரும்பலகையில் 2 என்று எழுதினார். அதை அதனாலேயே பெருக்கினால் 4. அப்படியே 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டச் சொன்னார். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். ஆறாவதாக வந்தது 4294967297. "வாய்விட்டுப் படியுங்கள்" என்றார். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு!

இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துலூஸ் நகரத்துக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். (யாராவது 'ஃபெர்மாட்' என்றால் ஐயாவுக்குப் பொறுக்காது, புதுச்சேரிப் பிள்ளைகள் அப்படிச் சொல்லலாமா என்பார்.) 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அந்த நம்பிக்கையை உடைத்தார். இந்த ஆறாவது எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவற்றில் முதல் ஐந்து 193, 257, 449, 577, 641. ஐயா பெஞ்சுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் பெஞ்சுக்கு 641.

4294இல் 641 ஆறு முறை போனது, மீதி 448. அடுத்த 9ஐ இறக்கினால் 4489, ஏழு முறை போக மிச்சம் 2. பிறகு 26, 267 இரண்டிலும் போகவில்லை. அவசரத்தில் அந்த இரண்டு சுழியங்களையும் ஈவில் விட்டுவிட்டேன். ஐயா பின்னால் வந்து நின்று, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. திருத்தினேன். 2672, 1089, மறுபடியும் அதே 448. கடைசி 7ஐ இறக்கியதும் 4487. அது 641இன் ஏழு மடங்கு. மீதி இல்லை! ஈவு 6700417. நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அந்த வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்தக் கூச்சலில் உன் நோட்டை யாரும் பார்க்கவில்லை, நண்பா. உனக்கு வந்தது 257. மூன்று முறை வகுத்தாய், மூன்று முறையும் மீதி 2. மற்ற பெஞ்சுகளில் 109, 325, 288 என்று வந்திருக்க, உனக்கு மட்டும் இத்தனை சிறியது வராது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டாய். மணியும் அடித்துவிட்டது.

இங்கே பாரிஸில் என் கணினி வேலையில் 4294967296 அடிக்கடி கண்ணில் படும். 32 பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் 32 இடங்களில், குறிக்கக்கூடிய மதிப்புகள் அத்தனை. ஒன்று கூட்டினால் நம் எண். போன மாதம் அதைப் பார்த்தபோது உன் நினைவு வந்து, உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கு: 4294967295. நம் எண்ணுக்கு இரண்டுதான் குறைவு. அந்தப் பெருக்கலுக்குள் 257 இருக்கிறது. ஆகவே அதுவரை மீதியின்றிப் போய்விடும். மேலே நிற்கும் 2 மீதியாக வந்தே தீரும்.

நீ போட்டது சரி. எந்த ஊரில் இருந்தாலும் நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வரி எழுது.