நிலைக்குழுவில் ஓர் இடம்

கடலோரத் தொகுதி எம்.பி. ஒருவரிடம் உதவியாளராக இருந்தபோது, அவருக்கு நாடாளுமன்ற நிலைக்குழுவில் இடம் கேட்கும் வேலை என்னிடம் வந்தது. விதிப்படி பார்த்தால் எளிதுதான். அமைச்சகங்களின் செலவையும் வேலையையும் ஆராயும் இந்தத் துறைசார் நிலைக்குழுக்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். சபாநாயகரும் மாநிலங்களவைத் தலைவரும் நியமிப்பார்கள். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது.

நடைமுறையில் கட்சிகளின் பலத்துக்கேற்ப இடங்கள் பிரிகின்றன. யார் எங்கே என்பதைக் கட்சிதான் முடிவு செய்கிறது. ஆகவே போய் நிற்க வேண்டிய இடம் கட்சியின் அவைக்குழுத் தலைவரின் அறை. விருப்பத்தை வரிசைப்படுத்தி எழுதித் தரச் சொன்னார். உள்துறை, நிதி, பாதுகாப்பு, வெளியுறவு என்றால் எப்போதும் போட்டி. எங்களுக்கு வேண்டியதோ மீன்வளம். அந்தப் பெயரில் குழுவே கிடையாது. எந்த அமைச்சகம் எந்தக் குழுவுக்குள் வருகிறது என்பது மக்களவை விதிகளின் ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறது. தேடிப் பார்த்தால், மீன்வளம் வேளாண்மைக் குழுவுக்குள் அடங்கியிருந்தது.

அங்கே எங்கள் கட்சிக்கு ஒரே இடம். டெல்டா பகுதி எம்.பி. ஒருவரும் அதையே கேட்டிருந்தார், மூத்தவர் வேறு. எங்கள் எம்.பி. நேரில் போய்ப் பேசினார்: "அண்ணே, உங்களுக்குக் காவிரிதானே முக்கியம்? நீர்வளக் குழு இருக்கே." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். உண்மையில் இடம் கிடைத்தது அந்தப் பேச்சில்தான்.

அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு வேறு ரகம். 15 மக்களவை, 7 மாநிலங்களவை உறுப்பினர்களை அந்தந்த அவையே விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கிறது. அங்கும் கட்சிகள் முன்பே பேசிவைத்துக்கொள்வதால் வாக்கெடுப்பு வரை போவது அபூர்வம்.

அப்புறம் மக்களவையின் அறிவிப்பு ஏடான புல்லட்டினில் பெயர் வரும்வரை காத்திருப்புதான். 2024-இல் தேர்தல் முடிவு ஜூனில் வந்தும் குழுக்கள் அமைந்தது செப்டம்பர் கடைசியில்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்றுதான்: நிலைக்குழு உறுப்பினரின் பதவிக்காலம் ஓராண்டைத் தாண்டாது. மீன்வளத் துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அது அந்த ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் நிதி விவரத்தை, படித்து, செலவாகாமல் நின்ற தொகை எது, ஏன் என்று அதிகாரிகளிடம் அவர் கேட்கப் பழகுவதற்குள் குழுவைத் திருத்தி அமைக்கும் நேரம் வந்துவிட்டது. மறுபடியும் கடிதம் எழுதினோம். இந்த முறை, கூட்டங்களுக்கு அவர் தவறாமல் வந்த பதிவையும் சேர்த்துக் கொடுத்தோம். அதே குழுவில் நீடித்தார்.